கெர்லிங் சுடுநீரும் செம்பாக் கணவாயின் கல்லும்



ராசாவிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையில், கோலாகுபு பாருவுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டிச் சென்றால் கெர்லிங் வருகிறது. அங்கே ஒரு சுடுநீர் ஊற்று இருக்கிறது. பள்ளி விடுமுறையில் தோட்டத்து லோரியில் ஏறிப் போய் அந்த நீரில் கால் நனைத்து வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. கால் வலிக்கு நல்லது, சொறி சிரங்குக்கு நல்லது என்று பெரியவர்கள் குளிப்பார்கள். பிள்ளைகள் மட்டும் அதிக நேரம் நின்றால் பாட்டிமார் அதட்டுவார்கள். "அடியிலே நெருப்பு மலை இருக்குதய்யா, போதும் ஏறி வா" என்பார்கள். அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. லயத்தில் பிறந்து இன்று தாமான் வீட்டில் குடியிருப்பவர்கள்கூட, கெர்லிங் என்றவுடன் அடியில் ஓர் எரிமலை புகைந்துகொண்டிருப்பதாகவே எண்ணுகிறார்கள்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் காலையில் ஜொகூரில் உள்ள சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. பெரிய அதிர்ச்சி என்று சொல்வதற்கில்லை. ஆனால் சிகாமட் வட்டாரத்தில் பழைய எரிமலைப் பாறை இருப்பது பலருக்குத் தெரியும். உடனே கைப்பேசி வழியாகச் செய்தி பரவியது: செத்த எரிமலைக்கு உயிர் வந்துவிட்டதாம்! அங்கே தோட்டத்தில் அண்ணனையோ மகளையோ கட்டிக்கொடுத்த பெண்ணையோ வைத்திருப்பவர்களின் வயிறு கலங்காதா? எங்களிடமும் கேட்டார்கள். சிகாமட்டைக் கேட்டவர்கள் அடுத்த மூச்சில் கெர்லிங்கையும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறோம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் வட சிலாங்கூருக்கு அருகில் அவிந்துபோன எரிமலை ஒன்றின் மிச்சம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது கெர்லிங்கில் இல்லை. கெர்லிங் நீரைச் சுடவைப்பது எரிமலையும் அன்று.

அப்படியானால் அந்த நீர் எப்படிச் சுடுகிறது?

அது மழைநீர். தித்திவாங்சா மலைத்தொடரில் பெய்கிற மழையின் ஒரு பகுதி, கல்லில் உள்ள வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும். சாதாரணமாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை வரை கூடுகிறது. ஆழமான சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். நம் மலைத்தொடரின் கல்லான கிரானைட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் கலந்திருக்கின்றன. அவை மெல்ல மெல்லச் சிதையும்போது சூடு பிறக்கிறது. ஆகவே கிரானைட் மலையின் அடி மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே சுடும். ஆழத்தில் சூடேறிய நீர், பாறை பெரிதாகப் பிளந்திருக்கும் இடம் கிடைத்தால், ஆறிப்போவதற்குள் மேலே வந்துவிடுகிறது. கெர்லிங்கில் நடப்பது இதுதான். பத்தாங்காலிக்கு அப்பால் உலு தாமுவிலும், கோலாலம்பூரை ஒட்டிய செலாயாங்கிலும் நடப்பது இதுதான். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய ஊற்றுகள் ஏறக்குறைய அறுபது கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கிரானைட் மலைகளை ஒட்டியே இருக்கின்றன.

பாட்டிமார் சொன்னதில் ஒரு பாதி உண்மை உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த மலைத்தொடர் முழுவதும் ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பாக இருந்ததுதான். அந்தக் காலம் 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அப்போது மலாயா என்று ஒரு நிலமே இல்லை. இரண்டு தனித்தனி நிலத்துண்டுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கடல் கிடந்தது. அந்தக் கடல் சிறுகச் சிறுகச் சுருங்கி மூடிக்கொண்டது. இரண்டு துண்டுகளும் முட்டி ஒட்டிக்கொண்டன. அந்தத் தையல் இன்றும் தெரிகிறது. மலைக்கு அந்தப்புறம் பகாங்கில், பெந்தோங், ரவூப் ஊர்களின் வழியே அது ஓடுவதால் பெந்தோங்-ரவூப் கோடு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பெரிய நெரிசலில் பூமியின் அடிப்பகுதி உருகிப் பாறைக்குழம்பு திரண்டது. அதில் பெரும்பகுதி வெளியே வரவே இல்லை. பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறிக் கிரானைட் ஆயிற்று. மேலே மூடியிருந்த நிலம் மழையிலும் வெயிலிலும் கரைந்து போன பிறகுதான் அது மலையாக நமக்குக் காட்சி தருகிறது. அந்தக் குழம்பு ஆறும்போது கடைசியில் பிரிந்து வந்த பொருள்களில் ஒன்று ஈயம். அது மலையிலிருந்து கழன்று ஆற்றோடு வந்து பள்ளத்தில் படிந்தது. ராசா, செரண்டா, கோலாகுபு ஆகிய ஊர்கள் எழுந்தது அந்த ஈயத்தால்தான். நம் தாத்தாமார் பால் மரத்துக்கு வருமுன்பே இங்கே லம்பங்கள் இருந்தன.

சரி, வெளியே வந்த குழம்பு எங்கே?

கோலாலம்பூரிலிருந்து பழைய பெந்தோங் சாலையில் வளைந்து வளைந்து ஏறினால், சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் கணவாயில் கெந்திங் செம்பா என்ற இடம் வரும். காராக் நெடுஞ்சாலையின் சுரங்கவழி அதன் அடியில்தான் போகிறது. ராசாவிலிருந்து காக்கை பறக்கும் வழியில் அளந்தால் முப்பது கிலோமீட்டருக்குள்தான். நம் வட்டாரத்து அவிந்த எரிமலை அங்கே இருக்கிறது. படத்தில் பார்ப்பதுபோல் கூம்பு வடிவத்தில், உச்சியில் வாய் திறந்துகொண்டு இருக்கும் என்று தேடிப் போகாதீர்கள். 20 கோடி ஆண்டு மழை எந்தக் கூம்பைத்தான் விட்டுவைக்கும்? மலையின் உருவம் போய்விட்டது. கல் மட்டும் இருக்கிறது. நிலவியல் அறிஞர்கள் அந்தக் கல்லை வைத்துத்தான், இங்கே ஓர் எரிமலை இருந்தது என்று துணிந்து சொல்கிறார்கள்.

கல்லைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். வீட்டில் கற்கண்டு எப்படி உண்டாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சர்க்கரைப் பாகை அசைக்காமல் பல நாள் விட்டுவைத்தால் பெரிய பெரிய கட்டியாகப் படியும். சட்டென்று குளிரவைத்தால் பொடியாகத்தான் உறையும். பாறைக்குழம்பும் அப்படியே. ஆழத்தில் நிதானமாக ஆறினால் மணிகள் பெரிதாக வளரும். கிரானைட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மணிமணியாகக் கண்ணுக்கே தெரியும். வெளியே கொட்டி விரைவில் ஆறிய குழம்பில் மணி வளர நேரம் இல்லை. அது நுண்ணிய மாவுபோல இறுகிவிடும்.

கெந்திங் செம்பாவின் கல் இந்த இரண்டும் கலந்தது. மாவுபோன்ற கருஞ்சாம்பல் நிறக் கல்லுக்குள்ளே அங்கங்கே பெரிய மணிகள் பதிந்திருக்கும். இதன் பொருள் என்ன? குழம்பு முதலில் ஆழத்தில் சில காலம் தங்கியிருந்தது. அப்போது சில மணிகள் வளர்ந்தன. பிறகு அது மளமளவென்று மேலே எழுந்தது. மிச்சம் திடீரென்று உறைந்தது. ரையோலைட் என்று சொல்லப்படும் குடும்பத்தைச் சேர்ந்த கல் இது. அதனோடு எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய கல்லும் அங்கே கிடைத்திருக்கிறது. சில பகுதிகள் தரைக்கு வெளியே வந்தவை, சில பகுதிகள் தரைக்குச் சற்றுக் கீழேயே நின்றுபோனவை. எது எது எப்படி என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் விவாதமும் உண்டு.

இந்த வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும், ஆனால் நம் நாட்டில் எளிதன்று. பாலைவன நாட்டில் கல் வெட்டவெளியில் கிடக்கும். இங்கே மழை கல்லையே மண்ணாக்கிவிடுகிறது; அதற்கு மேலே காடு. ஆகவே ஆய்வாளர்கள் சாலைக்காக மலையை வெட்டிய இடம், கல்லுடைக்கும் குவாரி, ஆற்றுப்படுகை என்று தேடித்தேடிப் போகிறார்கள். சுத்தியால் தட்டி மண்ணாகாத கல்லாக ஒரு துண்டு எடுப்பார்கள். அதை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள். அந்த அளவில் கல்லின் ஊடே வெளிச்சம் பாயும். நுண்பெருக்கியில் வைத்தால் ஒவ்வொரு மணியும் தன் வரலாற்றைச் சொல்லும். இந்த நாட்டில் இந்த வேலை முறையாகத் தொடங்கியது 1903-இல். பேராவில் பத்து காஜாவை இருப்பிடமாகக் கொண்டு ஸ்கிரிவனர் என்ற ஆங்கிலேயர் அரசாங்க நிலவியலாளராக வந்தார். ஈயம் எங்கே கிடைக்கும் என்பதுதான் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஈயத்தைத் தேடப் போனவர்கள் எரிமலையின் தடத்தையும் கண்டார்கள்.

வயதை எப்படிக் கணக்கிட்டார்கள்? இதைப் பால் வெட்டியவர்களுக்கு விளக்குவது மற்றவர்களுக்கு விளக்குவதைவிடச் சுலபம். வெட்டு முடிந்து மரத்தில் வெறும் கோப்பையை மாட்டுகிறோம். பால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று தெரிந்தால், கோப்பையில் சேர்ந்திருக்கும் பாலைப் பார்த்து, வெட்டி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம். கல்லில் உள்ள பொட்டாசியத்தின் ஒரு வகை, மாறாத ஒரே வேகத்தில் ஆர்கன் என்ற வாயுவாக மாறிக்கொண்டிருக்கிறது. கல் குழம்பாக இருக்கும்வரை அந்த வாயு தப்பித்துப் போய்விடும், கோப்பை காலி. கல் உறைந்த நிமிடத்திலிருந்து வாயு உள்ளேயே சேரத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த வாயுவை அளந்தால் கல்லின் வயது வந்துவிடும். ஒரு வேற்றுமை உண்டு. நம் மரத்தில் பால் சில மணி நேரத்தில் நின்றுவிடும். பொட்டாசியமோ பாதியாகக் குறைவதற்கே 125 கோடி ஆண்டு எடுத்துக்கொள்ளும்!

இந்த முறையில்தான் சிகாமட் பாறையின் வயது ஏறக்குறைய 6 கோடி ஆண்டு என்று தெரிந்தது. பகாங்கில் குவாந்தான் பக்கத்து எரிமலைப் பாறை இன்னும் இளையது. அதன் வயது 16, 17 இலட்சம் ஆண்டுகளே. தீபகற்பத்தில் கடைசியாக வழிந்த எரிமலைக் குழம்பு அதுதான். பசால்ட் என்னும் கறுப்புக் கல். குவாந்தானுக்கு வடக்கே பத்து ஹித்தாம் கடற்கரைக்குப் போனவர்கள் அலையில் நனைந்து பளபளக்கும் கறும்பாறைகளைக் கண்டிருப்பீர்கள். மலாய் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருளே கறுப்புக் கல்தான். இந்தியாவில் இதே வகைக் கல் ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் தக்காணத்தை மூடிக் கிடக்கிறது. எல்லோராவில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கயிலாசநாதர் கோயில், அந்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் செதுக்கியதே.

எரிமலைக் கல் தோட்டத் தொழிலாளிக்கு நேரடியாகத் தொடர்புள்ள பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கல் மக்கினால் மண். கல்லுக்கேற்ற மண். குவாந்தான் பசால்ட் மக்கிய மண்ணுக்குக் குவாந்தான் வகை என்றும், சிகாமட் வட்டாரத்து மண்ணுக்குச் சிகாமட் வகை என்றும் மண் ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழமான சிவந்த மண், இரும்பு மிகுந்தது, வெட்டினால் பொலபொலவென்று உதிரும், வேர் தாராளமாக இறங்கும். ஆனால் அந்த இரும்பு, போடுகிற பாஸ்பேட் உரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மரத்துக்குச் சுலபத்தில் கொடுக்காது. அங்கே வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் வேற்றுமையை உணர்ந்திருப்பார்கள். ராசா, பத்தாங்காலி மேடுகளில் கிரானைட் மக்கிய மணல் கலந்த மண்தான் பெரும்பாலும். கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலோ கடல் கொண்டுவந்து போட்ட களிமண். மூன்றையும் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தவர்களுக்கு நிலவியலின் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

இனி, உயிர் வருமா என்ற கேள்விக்கு வருவோம்.

ஓர் எரிமலை கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் ஒருமுறைகூட வெடிக்கவில்லை என்றால் அது அவிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். சுமத்திராவில் சினாபோங் மலை நானூறு ஆண்டுகளாக அசையாமல் கிடந்தது. அதன் சரிவில் மக்கள் கோசும் கேரட்டும் பயிரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் அது விழித்துக்கொண்டது. பிந்திய ஆண்டுகளில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கோலசிலாங்கூரிலிருந்து அது நேர்மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அதற்கருகில் உள்ள தோபா ஏரியோ சுமார் 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பெரிய எரிமலை வாய். அது ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. பத்தாயிரம் ஆண்டுக் கணக்குப்படி அது என்றோ செத்திருக்க வேண்டும். ஆனால் அதன் அடியில் இன்னும் குழம்பு இருப்பதை அளவைகள் காட்டுகின்றன. அதைச் செத்தது என்று எந்த அறிஞரும் சொல்லமாட்டார்.

அந்த வெடிப்பின் சாம்பல் நம் மாநிலத்திலேயே கிடக்கிறது என்றால் நம்புவீர்களா? கோலாகுபுவின் கதையை எண்ணிப் பாருங்கள். 1883-இல் அணை உடைந்து பழைய ஊர் அழிந்தது. பின்னர் லம்பத்து மணல் ஆற்றோடு வந்து தெருவையும் வீட்டையும் மூடியது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றி, பாரு என்ற பெயரும் சேர்த்தார்கள். இன்று பழைய இடத்தில் குழி தோண்டினால் எந்த மணல் எந்தக் காலத்தது என்று அடுக்கைப் பார்த்துச் சொல்லலாம். அதுபோலவே செர்டாங்கில் மண் அடுக்குகளுக்கு நடுவே வெளிர் நிறச் சாம்பல் படலம் ஒன்று கிடைத்தது. நுண்பெருக்கியில் பார்த்தால் எல்லாம் கண்ணாடித் துகள். அந்தக் கண்ணாடியின் சேர்க்கையைத் தோபாவின் கல்லோடு ஒப்பிட்டுத்தான் ஊற்று எது என்று கண்டார்கள். 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்கு 30,000 ஆண்டு என்று வயது சொன்னது. பிறகு செய்த நுட்பமான அளவைகளில் அது 74,000 ஆண்டு என்று மாறிற்று. கற்றவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே திருத்திக்கொண்டதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற ஊரிலும் அதே சாம்பல் தோண்டி எடுக்கப்பட்டது. வங்கக் கடலைத் தாண்டிப் போயிருக்கிறது, பாருங்கள்!

ஆக, ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. அடியில் குழம்பு ஊட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமத்திராவுக்கு மேற்கே கடலடித் தட்டு இன்றும் நிலத்துக்குக் கீழே செருகிக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. நம் பக்கத்தில் அந்த ஊட்டம் பெந்தோங்-ரவூப் கடல் மூடிக்கொண்ட காலத்தோடு நின்றுவிட்டது. கெந்திங் செம்பா வெறும் கல். அடுப்பு அவிந்தது மட்டுமன்று, அடுப்பே இல்லை. சிகாமட்டிலும் 6 கோடி ஆண்டுகளாக இதே நிலைதான்.

அப்படியானால் 2025-இல் சிகாமட் ஏன் அதிர்ந்தது? பழைய பிளவுகளால். நிலம் ஒரு காலத்தில் பிளந்த கோடுகள் உள்ளே அப்படியே கிடக்கின்றன. சுமத்திராப் பக்கத்து நெருக்கம் நம் நிலத்தையும் மெல்லத் தள்ளும்போது, அவற்றில் ஒன்று சற்றே நழுவுகிறது. 2007 நவம்பர் 30-ஆம் நாள் தொடங்கிப் புக்கிட் திங்கியில் பலமுறை ஏற்பட்ட சிறு அதிர்வுகளும் அத்தகையவை. புக்கிட் திங்கி நம் மலைக்கு அந்தப்புறம்தான். இதனால் கவலையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதிர்வு வந்தால் கண்ணாடி அலமாரியை விட்டு விலகி, மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். நின்றபின் சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் நெருப்புக் குழம்பு வரும் என்று மூட்டை கட்டவேண்டியதில்லை. சுமத்திராவில் பெரிய வெடிப்பு நேர்ந்து காற்று இந்தப் பக்கம் வீசினால் சாம்பல் வரலாம். அப்போது தண்ணீர்த் தொட்டியை மூடிவைத்து, மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஆண்டுதோறும் நம் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் எரிமலையால் வருவதன்று; அது காடும் கரிமண்ணும் எரிவதால் வருவது. இதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கெர்லிங்குக்கு அழைத்துப் போனால், முதலில் கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு இறக்குங்கள். எல்லா இடத்திலும் ஒரே சூடு இருக்காது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ள பெரியவர்கள் நெடுநேரம் உட்கார வேண்டாம். வழியில் சாலைக்குக் கொட்டிய ஜல்லியில் ஒன்றை எடுத்து, மணி தெரிகிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். கூட வந்த பாட்டி, அடியில் நெருப்பு மலை என்று சொன்னால், இது நம் மலையில் என்றோ பெய்த மழை, பாட்டி என்று அவர்கள் சொல்லட்டும்.